பட்டாவும் ஆதாரும் கிளவுடில்: விதிகள் எதைக் காக்கின்றன, எதைக் காப்பதில்லை

விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் முகாம்கள் 2025-இல் தமிழ்நாடு முழுக்க நடந்தன. பட்டா விவரம், ஆதார், கைபேசி எண் மூன்றையும் ஒரே இடத்தில் கேட்டதும் தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துக் கிராமங்களிலும் ஒரு கேள்வி எழுந்தது: இதெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது? அதே ஆண்டு அக்டோபரில், மத்திய அரசு ஊழியர்கள் சுமார் 12 லட்சம் பேரின் மின்னஞ்சல் ஸோஹோ நிறுவனத்தின் தளத்துக்கு மாறிவிட்டது என்ற செய்தி வந்தது. அரசாங்கத்தின் கடிதமெல்லாம் தனியாரிடம் போய்விட்டது என்று சிலர் பயந்தார்கள். இனிமேல் இ-சேவை மையத்தில் "சர்வர் டவுன்" என்ற பேச்சே இருக்காது என்று வேறு சிலர் நம்பினார்கள். பயம், நம்பிக்கை இரண்டுமே கொஞ்சம் இடம் மாறி நிற்கின்றன. அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

கிளவுட் என்பது எதை வாங்குவது?

கணினியைச் சொந்தமாக வாங்கி வைக்காமல், அது செய்யும் வேலையை மட்டும் இணையம் வழியாக வாடகைக்கு எடுப்பதுதான் கிளவுட். தேவை கூடும்போது கூட்டிக்கொள்ளலாம், குறைந்தால் குறைத்துக்கொள்ளலாம், பயன்படுத்திய அளவுக்குப் பணம். பிளஸ் டூ தேர்வு முடிவு வரும் நாளை எடுத்துக்கொள்ளுங்கள். வருடத்தில் ஒரு காலைப்பொழுதுக்கு மட்டும் பல லட்சம் பேர் ஒரே பக்கத்தைத் திறப்பார்கள். அந்த ஒரு காலைக்காக சர்வர்களை வாங்கி மீதி 364 நாளும் சும்மா வைத்திருப்பது வீண்செலவு. கிளவுடின் அருமை இங்கேதான் தெரியும்.

வாடகைக்கு எடுப்பதில் மூன்று மட்டங்கள் உண்டு. பின்னால் பொறுப்பைப் பிரிக்கும்போது இந்த வரிசை தேவைப்படும்.

1. வெறும் உள்கட்டமைப்பு: கணிப்புத் திறன், சேமிப்பிடம், வலையமைப்பு மட்டும் கிடைக்கும். ஆபரேட்டிங் சிஸ்டத்திலிருந்து மேலே உள்ள எல்லாமே அரசுத் துறையின் தலையில்.

2. தளம்: டேட்டாபேஸ் போன்றவற்றை நிறுவனமே பராமரிக்கும். துறை தன் மென்பொருளை எழுதி அதில் ஏற்றும்.

3. முழு மென்பொருள்: துறை லாகின் செய்து பயன்படுத்தினால் போதும். மேலே சொன்ன மின்னஞ்சல் இந்த வகை.

அரசு எந்தெந்த இடத்தில் வைக்கிறது?

அரசுத் தரவு எல்லாமே தனியாரிடம் போய்விடவில்லை. மேகராஜ் என்ற பெயரில் மத்திய அரசின் கிளவுட் கொள்கை 2013-இல் வந்தது. அதன்படி தேசிய தகவலியல் மையம் 2014-இல் தன் சொந்த கிளவுடைத் தொடங்கியது. டெல்லி, புனே, ஹைதராபாத், புவனேஸ்வர் ஆகிய ஊர்களில் அதற்குத் தரவு மையங்கள் இருக்கின்றன. தமிழ்நாட்டுக்கு, மாநில அரசின் மின்னணு நிறுவனமான எல்காட் நடத்தும் மாநிலத் தரவு மையம் சென்னையில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களும் வட்டாட்சியர் அலுவலகங்களும் மாநில அளவிலான அரசு வலையமைப்பு மூலம் இணைக்கப்பட்டிருக்கின்றன.

மூன்றாவது வழிதான் தனியார். மத்திய மின்னணு மற்றும் தகவல் தொழில்நுட்ப அமைச்சகம் ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. தணிக்கையில் தேறிய நிறுவனங்கள் மட்டுமே அதில் இடம்பெற முடியும், துறைகள் அந்தப் பட்டியலிலிருந்துதான் வாங்க வேண்டும். வாங்குவதில் மூன்று விதம்: எல்லோரும் பயன்படுத்தும் பொதுக் கிளவுட், அதற்குள்ளேயே வேலி போட்டுப் பிரித்த தனிப்பகுதி, அரசுத் துறைகளுக்கு மட்டுமே என்று ஒதுக்கி வைத்த அரசுச் சமுதாயக் கிளவுட். "தனியார் கிளவுட்" என்று செய்தியில் வந்தால் இந்த மூன்றில் எது என்று சொல்லாதவரை அந்தச் செய்தியை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. பெரும்பாலும் சொல்ல மாட்டார்கள்.

விதிகளின் அடுக்கு

அரசுத் துறையின் ஒரு மென்பொருள் தனியார் கிளவுடில் ஏறுவதற்கு முன்னும் பின்னும் பல கட்டங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் வேறு வேறு அமைப்பு பார்க்கிறது.

1. கட்டடமும் நடைமுறையும்: எஸ்டிகியூசி எனப்படும் மத்திய அரசின் தரச் சோதனை இயக்ககம் தரவு மையத்தைத் தணிக்கை செய்யும். தகவல் பாதுகாப்புக்கான ஐஎஸ்ஓ 27001 போன்ற சர்வதேசச் சான்றுகளும் கட்டாயம்.

2. இருப்பிடம்: தரவு இந்தியாவுக்குள்ளேயே இருக்க வேண்டும். பேக்கப் பிரதிக்கும் இது பொருந்தும். பேரிடர் காலத்துக்கான மாற்று மையம் வேறொரு நிலநடுக்க மண்டலத்தில் இருக்க வேண்டும்.

3. மென்பொருள்: கிளவுட் சரியாக இருந்தாலும் அதன்மேல் ஏறும் மென்பொருளில் ஓட்டை இருக்கலாம். அதனால் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளர் ஒருவர் அதைச் சோதித்து "சேஃப் டு ஹோஸ்ட்" சான்றிதழ் கொடுத்த பிறகே ஏற்ற வேண்டும். அரசு மென்பொருள் செய்து கொடுப்பவர்களிடம் கேட்டால், காலக்கெடு நெருங்கும்போது எல்லோரும் துரத்துகிற காகிதம் இதுதான் என்பார்கள்.

4. ஓடிக்கொண்டிருக்கும்போது: செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவின்படி, ஊடுருவல் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். யார் எப்போது நுழைந்தார், என்ன செய்தார் என்ற பதிவுகளை 180 நாட்களுக்கு வைத்திருக்க வேண்டும். எல்லா சர்வர்களின் கடிகாரமும் அரசு நேர சர்வர்களோடு ஒத்துப்போக வேண்டும். கடைசி விதியைப் படித்தால் சின்ன விஷயமாகத் தோன்றும். ஆனால் திருட்டு நடந்த பிறகு நான்கு சர்வர்களின் பதிவுகளை ஒப்பிடும்போது, ஒன்று ஏழு நிமிடம் முந்தி ஓடியிருந்தால் எது முதலில் நடந்தது என்றே நிரூபிக்க முடியாது.

5. ஆதார்: இதற்கு விதி தனி. ஆதார் எண்களை மறையாக்கம் செய்து (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றி) தனிப் பெட்டகத்தில் வைத்து, மற்ற எல்லா இடத்திலும் அதற்கு ஒரு மாற்றுக் குறியீட்டை மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று ஆதார் ஆணையம் 2017-இல் சொன்னது.

6. வெளியேறுதல்: ஒப்பந்தம் முடிந்தால் நிறுவனம் தரவைத் திருப்பிக் கொடுத்து, தன்னிடமுள்ளதை முழுக்க அழிக்க வேண்டும். இது எழுதுவதற்கு எளிது. ஒரு நிறுவனத்துக்கே உரிய டேட்டாபேஸ் வசதிகளை நம்பி மென்பொருளைக் கட்டிவிட்டால், ஏழு வருடம் கழித்து வெளியே வர, அதைக் கட்டிய அளவுக்கே செலவும் காலமும் ஆகலாம். டெண்டர் போடும் நாளிலேயே யோசிக்க வேண்டிய விஷயம் இது.

அமெரிக்காவில் இதே வேலைக்கு ஃபெட்ராம்ப் என்ற திட்டம் 2011-இல் வந்தது, 2022 டிசம்பரில் அதற்குச் சட்ட அந்தஸ்தும் கிடைத்தது. ஒரு முறை சோதித்ததைப் பல துறைகளும் ஏற்றுக்கொள்ளலாம் என்பதே அதன் நோக்கம். அதில் எனக்குப் பிடித்தது வேறொன்று. தரவு கசிந்தால் விளையும் கேடு குறைவா, மிதமானதா, அதிகமா என்று முதலில் பிரித்துவிடுகிறார்கள், கட்டுப்பாடுகளின் எண்ணிக்கை அதற்கேற்ப ஏறுகிறது. ஒகேனக்கலில் இன்று நீர்வரத்து எவ்வளவு என்ற பக்கத்துக்கும், மருத்துவமனை நோயாளிப் பதிவுக்கும் ஒரே பாதுகாப்பு தேவையில்லை. தரவை வகைப்படுத்து என்று நம் வழிகாட்டுதல்களும் சொல்லத்தான் செய்கின்றன. ஆனால் எல்லாவற்றையும் ஒரே டெண்டரில் ஒரே வகையாக எழுதிவிடுவது அலுவலகத்துக்கு வசதி.

சான்றிதழின் எல்லை

இங்கேதான் பெரும்பாலான குழப்பம். "அந்த நிறுவனத்துக்கு எல்லாச் சான்றிதழும் இருக்கிறது" என்பது உண்மையாக இருக்கும்போதே தரவு திருடு போகலாம்.

நம் பக்கத்துப் புளி வியாபாரிகள் குளிர்பதனக் கிடங்கில் புளியைப் போட்டு வைப்பார்கள். மின்சாரம், குளிர், தீ, காவல் எல்லாம் கிடங்குக்காரர் பொறுப்பு. ஈரம் போகாத புளியை மூட்டை கட்டி வைத்திருந்தாலோ, ரசீதைக் கண்டவரிடம் கொடுத்திருந்தாலோ கிடங்குக்காரரைக் கேட்க முடியாது. கிளவுடிலும் பொறுப்பு இப்படித்தான் பிரிகிறது. எங்கே கோடு விழுகிறது என்பது முதலில் பார்த்த மூன்று மட்டங்களைப் பொறுத்தது. வெறும் உள்கட்டமைப்பு வாங்கினால் துறையின் பங்கு மிக அதிகம். முழு மென்பொருள் வாங்கினால் குறைவு, ஆனால் பூஜ்யம் ஆகாது. எந்த மட்டத்திலும் துறையை விட்டு நகராத வேலைகள் சில உண்டு:

1. யாருக்கு லாகின் கொடுப்பது, மாறுதலாகிப் போனவரின் லாகினை எப்போது நிறுத்துவது.

2. எந்த விவரத்தைச் சேகரிப்பது, எவ்வளவு காலம் வைத்திருப்பது.

3. எந்தக் கோப்பு வெளியே தெரியலாம், எது கூடாது என்ற அமைப்பு. கிளவுட் கசிவுகள் பலவும் பூட்டு உடைந்து நடந்தவை கிடையாது. யாரோ ஒருவர் சேமிப்பிடத்தைப் "பொது" என்று விட்டுவிட்டதால் நடந்தவை.

4. பதிவுகளை யாராவது உட்கார்ந்து படிப்பது. 180 நாள் வைத்திருப்பது விதி. படித்தால்தான் பயன்.

வட்டாட்சியர் அலுவலகம் ஒன்றில் அதிகாரியின் பாஸ்வேர்டும் ஓடிபியும் தற்காலிக ஆபரேட்டரின் கைக்குப் போகிறது என்று வையுங்கள். எவ்வளவு உயர்ந்த கிளவுடாக இருந்தாலும் அங்கே நடக்கும் பெயர் மாற்றம் அதிகாரியே செய்ததாகத்தான் பதிவாகும். எந்தத் தணிக்கையாளரும் இதைச் சான்றிதழில் பிடிக்க முடியாது.

அப்படியென்றால் சர்வரை நம் கட்டடத்திலேயே வைத்துக்கொள்வது மேலா? 2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்களை, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கியது. நோயாளிச் சீட்டு முதல் ஆய்வக முடிவு வரை ஏறக்குறைய இரண்டு வாரம் கையால் எழுதினார்கள். சர்வர்கள் மருத்துவமனையின் சொந்தப் பொறுப்பில் இருந்தவைதான். வலையமைப்பைச் சரியாகப் பகுதி பிரிக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசு பதில் சொன்னது. ஒரு கணினியில் நுழைந்தவன் எல்லாவற்றுக்கும் போக முடிந்தது. சொந்த அறை, சொந்தப் பூட்டு என்பது மட்டும் காப்பாற்றவில்லை.

தேஜோன் தீ: பிரதி இல்லாத கிளவுட்

இந்த விஷயத்தில் அதிகம் படிக்க வேண்டிய சம்பவம் தென் கொரியாவில் நடந்தது. மின்னணு ஆளுகையில் உலகமே பார்த்துப் படிக்கிற நாடு அது. 2025 செப்டம்பர் 26 அன்று தேஜோன் நகரிலுள்ள அரசின் தேசியத் தரவு மையத்தில், லித்தியம் பேட்டரிகளை இடம் மாற்றும் வேலை நடந்துகொண்டிருந்தபோது தீப்பிடித்தது. 600-க்கும் மேற்பட்ட அரசு அமைப்புகள் நின்றன. அஞ்சல் சேவை, கைபேசி அடையாள அட்டை போன்றவையும் அதில் அடக்கம்.

பெரும்பாலான அமைப்புகளை மெல்ல மெல்ல மீட்டார்கள். மீளாதது ஒன்று: அரசு ஊழியர்கள் தங்கள் அலுவலகக் கோப்புகளைச் சேமித்து வந்த ஜி-டிரைவ் என்ற கிளவுட் சேமிப்பகம். 858 டெராபைட். சுமார் 1.25 லட்சம் ஊழியர்கள் பயன்படுத்தியது. அளவு பெரிதாக இருக்கிறது என்று சொல்லி அதற்கு வெளியூர்ப் பிரதி வைக்கவே இல்லை. அலுவலகக் கணினியில் கோப்பு வைக்காதே, இங்கே வை என்று சொல்லிப் பழக்கப்படுத்தியதால், சொன்னபடி ஒழுங்காக நடந்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். 858 டெராபைட்டுக்கு இன்னொரு பிரதி எடுக்க ஆகும் செலவு ஒரு நாட்டு அரசுக்குப் பெரிய தொகையே கிடையாது.

இதில் தனியார் கிளவுட் நிறுவனம் சம்பந்தப்படவே இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அரசின் சொந்தக் கட்டடம், சொந்த கிளவுட், தரவு நாட்டை விட்டு ஓர் அங்குலம்கூட வெளியே போகவில்லை. எல்லாம் இருந்தும் போனது போனதுதான்.

ஆகவே எந்த அரசு கிளவுடுக்கும் இரண்டு எண்கள் எழுத்தில் இருக்க வேண்டும். நின்றுபோனால் எத்தனை மணி நேரத்தில் திரும்ப ஓட வேண்டும் என்பது முதல் எண். திரும்ப ஓடும்போது கடைசி எத்தனை நேரத்துத் தரவு காணாமல் போயிருக்கலாம் என்பது இரண்டாவது. மக்களுக்கு இரண்டாவதுதான் முக்கியம். அந்த எண் நான்கு மணி நேரம் என்று இருந்தால், பாப்பிரெட்டிப்பட்டியில் காலை பத்து மணிக்கு ஒப்புதலான உட்பிரிவுப் பட்டா மதியம் இரண்டு மணிக்கு நடக்கும் விபத்தில் மறைந்துபோகலாம், விதிப்படி அது குற்றமும் ஆகாது. பத்திரம் பதிந்தவர் கையில் ரசீது இருக்கும், கணினியில் பழைய உரிமையாளர் பெயர் இருக்கும். வருவாய்த் துறைப் பதிவேடுகளுக்கு இந்த எண் சில நிமிடங்களுக்கு மேல் போகக்கூடாது என்பது என் கருத்து. அதற்குக் கூடுதல் பணம் ஆகும், ஆகட்டும். அப்புறம், மாற்று மையத்துக்கு உண்மையிலேயே மாற்றி ஓட்டிப் பார்க்கும் ஒத்திகை நடக்க வேண்டும். ஒத்திகை பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

நாட்டுக்குள் இருந்தால் போதுமா?

இடம் ஒரு பக்கம், சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்பது இன்னொரு பக்கம். அமெரிக்கா 2018-இல் இயற்றிய கிளவுட் சட்டத்தின்படி, தன் நாட்டு நிறுவனங்கள் வெளிநாட்டு சர்வரில் வைத்திருக்கும் தரவையும் சட்டப்படி கேட்டு வாங்க முடியும். சர்வர் மும்பையில் இருந்தாலும் நிறுவனம் அமெரிக்காவினுடையது என்றால் இந்தக் கேள்வி எழும். மின்னஞ்சலுக்கு உள்நாட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்ததை இந்தப் பின்னணியில் புரிந்துகொள்ளலாம்.

இதற்குத் தொழில்நுட்ப வழியும் ஒன்று இருக்கிறது: தரவை மறையாக்கம் செய்து, அதன் சாவியை அரசே வைத்துக்கொள்வது. அப்போது நிறுவனம் யாரிடம் எதைக் கொடுத்தாலும் அது படிக்க முடியாத குப்பைதான். மின்னஞ்சல் போல நிறுவனமே திறந்து கையாள வேண்டிய சேவைகளில் இது முழுதாகக் கைகூடாது. வெறும் சேமிப்புக்கு நன்றாகவே கைகூடும்.

புதிய தரவுச் சட்டம் என்ன மாற்றும்?

எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து 18 மாத அவகாசம். கிளவுட் விஷயத்துக்குத் தேவையானவை இவை:

1. தரவை எதற்குச் சேகரிப்பது என்று முடிவெடுப்பவர்தான் சட்டப்படி பொறுப்பு. வேலையை வேறொரு நிறுவனத்திடம் கொடுத்திருந்தாலும் பொறுப்பு கைமாறாது. வேளாண் துறை கேட்டு வாங்கிய விவரத்துக்குக் கேள்வி வேளாண் துறையை நோக்கித்தான் போக வேண்டும், கிளவுட் நிறுவனத்தை நோக்கி அல்ல.

2. பாதுகாப்பில் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை.

3. மானியம், சான்றிதழ், உதவித்தொகை போன்றவற்றுக்காக அரசு உங்கள் தரவைப் பயன்படுத்த ஒவ்வொரு முறையும் புதிதாக ஒப்புதல் வாங்கத் தேவையில்லை. சில தரநிலைகளைப் பின்பற்றினால் போதும்.

4. குறிப்பிட்ட அரசு அமைப்புகளுக்கு இந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கொடுக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கு இருக்கிறது.

மூன்றும் நான்கும் சேர்ந்து முதல் இரண்டின் பலத்தை எவ்வளவு குறைக்கும் என்பது வழக்குகள் வந்த பிறகுதான் தெரியும். எனக்கு நான்காவது உறுத்துகிறது.

சரி, "சர்வர் டவுன்" தீருமா?

இ-சேவை மையத்தில் ஒரு வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போது திரையில் தெரிவது ஒரே பக்கம். பின்னால் ஒரு சங்கிலியே இருக்கிறது: மையத்தின் இணைய இணைப்பு, மென்பொருள், டேட்டாபேஸ், ஆதார் சரிபார்ப்பு, ஓடிபி அனுப்பும் சேவை, கட்டணம் வாங்கும் வங்கி இணைப்பு. எது அறுந்தாலும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வரும் பதில் "சர்வர் டவுன்" என்பதுதான். பொய்யென்று சொல்ல முடியாது, ஆபரேட்டருக்கும் அதற்குமேல் தெரியாது.

இந்தச் சங்கிலியில் மென்பொருளையும் டேட்டாபேஸையும் மட்டுமே கிளவுட் பலப்படுத்தும். அதுவும், கூட்டம் வரும்போது பல சர்வர்களில் பிரிந்து ஓடும்படி மென்பொருளை எழுதியிருந்தால். பழைய மென்பொருளை அப்படியே தூக்கி கிளவுடில் வைத்தால் பழைய வேகத்தில்தான் ஓடும், மாத வாடகை மட்டும் புதிது. ஆதார் சரிபார்ப்பும் ஓடிபியும் வேறு அமைப்புகளிடம் இருக்கின்றன.

மீதமிருப்பது முதல் கண்ணி. அஞ்செட்டி மலைக் கிராமங்களிலோ சித்தேரியிலோ வத்தல்மலையிலோ சிக்னல் கிடைக்காத இடத்தில் தரவு மையம் எங்கே இருந்தாலும் ஒன்றுதான். அதற்கான வேலை பாரத்நெட் திட்டத்தின் கீழ் நடக்கிறது. தமிழ்நாட்டின் 12,525 கிராம ஊராட்சிகளையும் கண்ணாடி இழை கேபிளால் இணைக்கும் பொறுப்பு தமிழக அரசின் டான்ஃபிநெட் நிறுவனத்திடம் இருக்கிறது. காட்டுப் பாதையில் கேபிள் அறுந்தால் எத்தனை நாளில் ஒட்டுவார்கள் என்பதை அந்தப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்தான் பார்க்க வேண்டும். கிளவுட் ஒப்பந்தத்தின் எந்தப் பக்கத்திலும் அது இருக்காது.